பாரமில்லாத சைக்கிள்

சைக்கிளுக்கு அடியில் கிடந்தபடி சுகந்தினி வேலியைப் பார்த்தாள். கூப்பிட்டால் பக்கத்து வளவு வீரம்மாவுக்குக் கேட்கும். ஆனால் கூப்பிட வெட்கமாக இருந்தது. இருபத்துமூன்று வயதுப் பெண் தன் வீட்டு முற்றத்தில், தன் சைக்கிளுக்குக் கீழே, எழும்ப முடியாமல் கிடக்கிறாள் என்று ஊருக்கு எப்படி அறிவிப்பது? அதைவிட அக்கா வயலிலிருந்து வரும்வரை இப்படியே கிடந்துவிடலாம்.

விழுத்தியது கரியரில் கட்டியிருந்த உழவு இயந்திரத்துப் பற்றறி. கருங்கல் பிள்ளையாரைத் தூக்கி வைத்ததுபோல அது பின்பக்கம் குந்தியிருந்தது. சுகந்தினி ஏறி உட்கார்ந்து, மடியாத இடக்காலை நீட்டி, வலக்காலை நிலத்திலிருந்து எடுத்தாள். எடுத்த உடனேயே சைக்கிள் இடப்பக்கம் சரிந்தது. வேறு யாருமென்றால் இடக்காலை ஊன்றிப் பிடித்திருப்பார்கள். அவளுடைய கால் நீட்டிய வாக்கிலேயே வழுக்கிக்கொண்டு போனது. பற்றறியின் அசிட் மேலே ஊற்றுப்படாதது நல்ல காலம்.

கடைசியில் வீரம்மாவின் கோழி வேலி நுழைந்து வந்தது. கோழியைத் தேடிக்கொண்டு வீரம்மா வந்தாள். மலையகத்துத் தோட்டமொன்றில் பிறந்து, எழுபத்தேழுக் கலவரத்தோடு தர்மபுரத்துக்கு வந்து சேர்ந்தவள். இருபது வருடம் வன்னித் தண்ணீர் குடித்தும் அவள் வாயில் தோட்டத்துப் பேச்சு அப்படியே இருந்தது.

"அடி ஆத்தி! ஊருல எல்லாரும் சைக்கிள் மேல ஏறுவாங்க. இங்க சைக்கிள் புள்ள மேல ஏறிக் கெடக்கே!"

"சிரிக்காதேங்கோ வீரம்மாக்கா. முதல் இதைத் தூக்குங்கோ."

"கொஞ்சம் பொறு. கோழி எங்கிட்டுப் போச்சுன்னு பாத்துட்டு வாறேன்."

உண்மையாகவே பார்த்துவிட்டு வந்துதான் தூக்கினாள்.

தொண்ணூற்றாறில் கிளிநொச்சியை விட்டு ஓடிய சனத்தோடு ஓடும்போது ஒரு ஷெல் துண்டு சுகந்தினியின் முழங்காலில் ஏறியது. காயம் ஆறிவிட்டது. மூட்டு மட்டும் பலகைபோல நீண்டபடி இறுகிப்போனது. அதன்பிறகு அவளுடைய உலகம் கிணற்றடியில் தொடங்கி வேலிப் படலையோடு முடிந்தது. படலையைத் தாண்ட வேண்டுமென்றால் நாகேஸ்வரி அக்காவின் சைக்கிள் கரியர்தான். கோயிலுக்கும் கரியர், ஆசுபத்திரிக்கும் கரியர். போகும் வழி முழுக்கக் கண்ணுக்கு முன்னால் அக்காவின் வியர்த்த முதுகு. வன்னி முழுவதுமே அடைபட்டுத்தான் கிடந்தது. வடக்கே போனாலும் ஆமி, தெற்கே போனாலும் ஆமி, இடையில் பாஸ் கேட்டு வரிசை. ஆனாலும் மற்றச் சனத்துக்கு அந்த அடைப்புக்குள்ளே ஒரு சந்தை இருந்தது, ஒரு சந்தி இருந்தது, கோபித்துக்கொண்டு போய்விட்டு வர ஒரு தெருவாவது இருந்தது. சுகந்தினிக்குக் கோபம் வந்தால் கிணற்றடிக்குப் போவாள். போய்விட்டுத் திரும்பி வருவாள்.

இருந்த இடத்திலிருந்தே செய்யக்கூடிய வேலையென்று அவள் ரேடியோ திருத்தினாள். யாரும் பழக்கியதில்லை. வீட்டு ரேடியோ ஊமையான ஒரு நாள் அதைத் திறந்தாள், மூடும்போது அது பேசியது. அவ்வளவுதான். ஊரில் மின்சாரம் இல்லை. ஈயம் ஒட்டும் கோலைச் சிரட்டைத் தணலில் பழுக்க வைத்து ஒட்டுவாள். பற்றறி கொண்டுவரத் தடை இருந்ததால், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்கும் காலம் அது. ஒருவர் சுற்ற, பத்துப்பேர் செய்தி கேட்பார்கள். சுற்றுகிறவரின் கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் இழுபடும்.

விசுவமடுவில் ரேடியோவும் தண்ணீர்ப் பம்பும் திருத்தும் கடை வைத்திருந்த வீரகத்தி, தான் கைவிட்ட ஒரு ரேடியோவை இவள் பேசவைத்த கதையைக் கேள்விப்பட்டு, ஆளைப் பார்க்க வந்தார். ஈய ஒட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளை, என்ர கடையில உனக்கொரு மேசை போட்டுத் தாறன். மீற்றர் இருக்கு, சோலர் தட்டும் ஒண்டு இருக்கு. வந்து இரு."

சுகந்தினி தன் காலைப் பார்த்தாள்.

"தெரியும். ஆனா ஒரு நாள் வந்து மூண்டு நாள் வராட்டிச் சரிவராது. சனம் வந்து காத்துக்கொண்டு நிக்கும். ஆடி கழியத் தொடங்குவம். வர வழியிருந்தா வா. இல்லையெண்டா வேற ஆளைத்தான் பாக்கவேணும். குறை நினையாதை."

அன்றிரவு அக்கா சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் குந்தினாள்.

"விடியக் கொண்டுபோய் விட்டு, திரும்பி வந்து, களை பிடுங்க ஓடி, பின்னேரம் திருப்பி வந்து ஏத்த... நான் என்ன பஸ்ஸோ சுகந்தி?"

"நான் கேக்கேல்லையே அக்கா."

"கேக்காமல் இருந்து பாக்கிறாய். அதுதான் தாங்கேலாமல் கிடக்கு."

மறுநாள் அக்காவின் மகள் சுதர்சினி செய்திக்காகப் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தபோது சுகந்தினிக்கு அந்த யோசனை வந்தது. சில்லு டைனமோவைச் சுற்றுகிறது, கரண்ட் வருகிறது. கரண்டைக் கொடுத்து ஒரு மோட்டரைச் சுற்றினால், அது சில்லைச் சுற்றாதா? டைனமோ போலவே ரயரில் உரசிக்கொண்டு, ஆனால் மறுவளமாக.

மோட்டரைத் தந்தது வீரம்மாவின் புருஷன் சங்கிலி. உழவு இயந்திரம் ஓட்டுகிறவர். தெருவோரம் எரிந்து கிடந்த ஒரு வான் வண்டியில், ரேடியேற்றர் காற்றாடியைச் சுற்றும் மோட்டர் மட்டும் வேகாமல் கிடந்ததாம். அதைக் கழற்றி வந்து, தன் ரேடியோவைத் திருத்தித் தந்ததற்குக் கைமாறாக வைத்துவிட்டுப் போனார். ஒரு தேங்காயளவுதான் இருக்கும். பற்றறிக்குத்தான் சுகந்தினி பேராசைப்பட்டாள். பெரிய பற்றறி என்றால் கனதூரம் ஓடும் என்று எண்ணி, சங்கிலியின் பழைய பற்றறியையே கேட்டு வாங்கி, காயத்துக்குப் பிறகு சுவரில் சாத்திக் கிடந்த தன் சைக்கிளில் கட்டினாள். அன்றுதான் சைக்கிள் அவள் மேல் ஏறியது.

விழுந்ததில் அவளுக்கு ஒன்று விளங்கியது. இரண்டு கால் உள்ளவர்கள் பாரத்தைக் காலால் தாங்குகிறார்கள். தனக்கு அந்தக் கால் இல்லை. ஆகவே சைக்கிள்தான் பாரமில்லாமல் இருக்க வேண்டும். கழற்றத் தொடங்கினாள். மட்காட் இரண்டும் போயின. செயின் கவர் போனது. ஸ்டாண்ட், கூடை, கரியர் எல்லாம் போயின. இடப்பக்கப் பெடலும் அதன் தண்டும் தனக்கு எதற்கென்று அவற்றையும் கழற்றி, இடக்காலை நீட்டி வைக்க ஒரு கம்பியை வளைத்துப் பூட்டினாள்.

வீரம்மா வேலிக்கு மேலால் பார்த்தாள். "அப்புடியே சில்லு ரெண்டையும் கழட்டிரு புள்ள. கையில தூக்கிட்டே நடந்து போயிரலாம்."

பெரிய பற்றறிக்குப் பதிலாக, பெட்ரோல் இல்லாமல் தூங்கிய இரண்டு மோட்டார் சைக்கிள்களின் சின்னப் பற்றறிகளைத் தேடிப் பிடித்தாள். இரண்டையும் தொடுத்து, துணிப்பையில் போட்டு, பெடலுக்குச் சற்று மேலே தாழ்வாகத் தொங்கவிட்டாள். பாரம் நடுவிலும் நிலத்துக்குக் கிட்டவும் இருந்ததால் சைக்கிள் சொன்னபடி நின்றது. மோட்டரின் தண்டில் இரும்புப் புஷ் வளையமொன்றை ஏற்றி, பழைய ரயர்த் துண்டைச் சுற்றி, சீற்றுக்குக் கீழே பின்சில்லில் முட்டும்படி வைத்தாள். ஹாண்டிலில் ஒரு ஹோர்ன் சுவிட்ச். அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். வலக்கால் ஒற்றைப் பெடலை உதைத்துத் தொடக்கிவிட்டால் மிச்சத்தை மோட்டர் பார்த்துக்கொள்ளும்.

பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றுவது சங்கிலியின் பொறுப்பு. உழவு இயந்திரத்தில் கட்டிக்கொண்டு மூடை ஏற்றப் போவார். திரும்பி வந்து பையை நீட்டுவார்.

"இந்தா, ஒன் பேட்டரி புதுக்குடியிருப்பு வரைக்கும் போயிட்டு வந்திருச்சி. நீதான் புள்ள இன்னும் போகல."

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி முதன்முதல் சுவிட்சை அழுத்திய பின்னேரம், பின்சில்லு ஒரே சீராக ரீங்கரித்துக்கொண்டு சுற்றியது. கொஞ்ச நேரத்தில் படலையைத் திறந்துகொண்டு அயலவர்கள் வந்து முற்றத்தில் குந்தினார்கள்.

"என்ன, செய்தி தொடங்கீட்டுதோ?"

"ஒரு சத்தத்தையும் காணேல்ல. ஸ்டேசனை மாத்திப் பார் பிள்ளை."

"ரேடியோவையே காணேல்லையப்பா!"

சுகந்தினி வெட்கத்தில் சில்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுதர்சினிதான் விளக்கம் சொன்னாள். செய்தி இல்லையென்று அறிந்ததும் எல்லாரும் ஏமாந்துபோய் எழும்பிப் போனார்கள்.

ஆடி கழிந்தது. விடியக் குளித்து, ஊன்றுகோலைச் சைக்கிளின் பக்கத்தில் கட்டி, சுகந்தினி படலைக்கு வெளியே வந்தாள். அக்கா பின்னால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விடுங்கோ அக்கா."

"விட்டாச்சு. எப்பவோ விட்டாச்சு, நீதான் போகாமல் நிக்கிறாய்."

சுவிட்சை அழுத்தினாள். சைக்கிள் போனது.

முன்னால் முதுகு இல்லை. தெருதான் இருந்தது. இரண்டு வருடமாகப் பக்கவாட்டில் மட்டுமே பார்த்திருந்த தெரு, நடுவால் பிளந்துகொண்டு அவளை நோக்கி வந்தது. கிரவல் மண்ணில் சில்லு துள்ளும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பினாள்.

யாரும் இல்லை.

தேத்தண்ணிக் கடை வாங்கிலில் பாதி குடித்த கோப்பைகள் ஆவி பறந்தபடி இருந்தன, ஆட்கள் இல்லை. பள்ளிக்கூடத்தில் மணி அவசரமாக அடித்தது. முற்றத்தில் நின்ற பிள்ளைகள் ஒரே ஓட்டமாக ஓடி மறைந்தார்கள். இவள் போகப்போகத் தெரு முன்கூட்டியே வெறுமையாகிக்கொண்டிருந்தது. அப்போது நிலத்துக்கடியிலிருந்து ஒரு ஆண்குரல் கத்தியது.

"எடி விசரி! வண்டு மேல நிக்குது! இறங்கிப் படு!"

வண்டு என்று வன்னிச் சனம் சொல்வது ஆளில்லாமல் பறக்கும் வேவு விமானத்தை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ரீங்காரம் மட்டும் கேட்கும். அது பார்த்துவிட்டுப் போனால் பின்னால் குண்டு போடும் கிபிர் விமானம் வரும், அல்லது ஷெல் வரும். ஆகவே அந்தச் சத்தம் கேட்டால் யோசிப்பதில்லை, பங்கருக்குள் பாய்வதுதான்.

சுகந்தினி பயந்து சுவிட்சை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தாள். வானத்தில் ஒன்றும் இல்லை. சத்தமும் இல்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"அண்ணை, மேல ஒண்டுமில்லை," என்றாள். குரல் எழும்பவில்லை. மறுபடி சொன்னாள். "என்ர சைக்கிள்தான்."

பங்கர் வாசலில் ஒரு தலை தெரிந்தது. "என்னது?"

எப்படிச் சொல்லி விளங்க வைப்பது என்று தெரியாமல் சுவிட்சை ஒருதரம் அழுத்திக் காட்டினாள். வெளியே வந்த தலைகள் எல்லாம் திரும்ப உள்ளே போயின. ஒருவருடைய இடுப்புச் சாரம் பங்கர் வாசல் மண்மூடையில் சிக்கிக் கழன்றது. அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் சிரிப்போடு சிரிப்பாக இவளையும் ஏசினார்கள்.

"நல்லாத்தான் செய்திருக்கிறாய். கிபிர் எப்ப பூட்டப்போறாய்?"

விசுவமடுவில் வீரகத்தி தலைமயிரெல்லாம் மண்ணோடு பங்கரிலிருந்து ஏறி வந்தார். சைக்கிளை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். "வா பிள்ளை. மேசை அங்க கிடக்கு. நாளைக்கு வரேக்க ஆரையேனும் முன்னுக்கு அனுப்பிச் சொல்லிப்போட்டு வா."

ஒரு கிழமை போவதற்குள் சனம் பழகிவிட்டது. சத்தம் கேட்டால் யாரும் குனிவதில்லை, கை காட்டுவார்கள். பிள்ளைகள் "வண்டு அக்கா" என்று கூடவே ஓடி வருவார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர், "அவா போறா, கடை திறக்க நேரமாச்சு" என்பார். ஆவணி முழுவதும் சுகந்தினிக்கு அப்படிப் போனது. கடையில் அவளுடைய மேசை தெருவைப் பார்த்தபடி இருந்தது. யார் யாரோடு சண்டை, எந்த லொறி எங்கே புதைந்தது, எவள் புதுச் சட்டை தைத்திருக்கிறாள் என்றெல்லாம் அவள் வீட்டுக்குக் கதை கொண்டுவந்தாள். முன்பெல்லாம் அக்கா கொண்டுவரும் கதைகளுக்காகக் காத்திருந்தவள் அவள். இப்போது அக்கா காத்திருந்தாள். ஒரு நாள் யாரோடும் ஒரு கோபமும் இல்லாமலே, வீட்டுக்குத் திரும்பாமல் வாய்க்கால் மதகுவரை போய், சும்மா நின்றுவிட்டு வந்தாள்.

புரட்டாதிப் பிறப்பையொட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடை பூட்டு. வீட்டுக்குப் பின்பக்கம் நிலத்தில் உட்கார்ந்து, மோட்டரின் புஷ்ஷில் தேய்ந்த ரயர்த் துண்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முன்முற்றத்தில் சுதர்சினியும் வீரம்மாவின் பிள்ளைகளும் கட்டம் கீறி ஒற்றைக்காலில் கெந்தி விளையாடினார்கள்.

ரீங்காரம் கேட்டது.

"வண்டுடி," என்றது வீரம்மாவின் சின்னது.

"இல்லை, அது எங்கட சித்தீன்ர சைக்கிள். நீ கெந்து," என்றாள் சுதர்சினி.

வேலிக்கு அப்பாலிருந்து வீரம்மாவும் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமையும் கடைக்குப் போவுது பாரு அந்தப் புள்ள."

சுகந்தினியின் கையில் மோட்டர் இருந்தது. மடியில் கம்பிகள் கிடந்தன. ஒரு கணம் அவளே கூட, தன் சைக்கிளை யாரோ எடுத்து ஓடுகிறார்கள் என்றுதான் நினைத்தாள். பிறகு கத்தினாள். அவளுடைய குரல் அதற்குமுன் படலையைத் தாண்டியதில்லை.

"பங்கருக்கு ஓடுங்கோ! சுதர்சினி! ஓடு!"

சுதர்சினி ஒற்றைக்காலில் நின்றபடி வீட்டு மூலையால் எட்டிப் பார்த்தாள். "சித்தி, நீங்க இஞ்ச இருக்கிறியள்... அப்ப..." கேள்வியை முடிக்காமல் மற்றப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

வண்டு இரண்டுமுறை வட்டமிட்டது. அது போனபிறகு ஷெல் நாலைந்து வந்து வயலுக்கு அப்பால் விழுந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. பின்னேரம் வீரம்மா வந்து, "நானும் நீதான்னு நெனச்சேன் புள்ள," என்று சிரித்தாள். தேத்தண்ணிக் கடையிலும் அப்படித்தான் இருந்தார்களாம், ஒருவரும் வாங்கிலை விட்டு எழும்பவில்லையாம். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

சுகந்தினி அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாள் கடைக்கும் போகவில்லை. சத்தத்தை மாற்றப் பார்த்தாள். புஷ்ஷில் தடித்த ரியூப்பைச் சுற்றினாள், சத்தம் தணிந்து இன்னும் தூரத்து வண்டு போல ஆனது. கிறீஸ் போட்டாள். பின்சில்லுக் கம்பிகளில் தட்டும்படி மட்டைத் துண்டொன்றைக் கட்டினாள், டக டக என்று வேறு சத்தமும் சேர்ந்து வந்தது. அக்காவை ஏற்றி ஒழுங்கை முடியும்வரை ஓடிவிட்டு வரச் சொன்னாள். தான் வேலியோரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மட்டைச் சத்தம் இரண்டு வளவுக்குள்ளேயே செத்துப்போனது. ரீங்காரம் மட்டும் முழுதாக வந்துகொண்டிருந்தது.

"என்னடி, மாறியிருக்கோ?" என்று அக்கா வந்து இறங்கினாள்.

"இல்லை. இன்னொரு பிழையும் இருக்கு."

"என்ன?"

"சத்தம் கேக்க எனக்கு நெஞ்சு இடிக்கேல்லை அக்கா. முந்தியெண்டா இடிக்கும்."

அக்கா சைக்கிளைச் சுவரில் சாத்தினாள். "ஆரும் உன்னை ஓடவேண்டாமெண்டு சொல்லேல்லையே."

"ஓம். சொல்லியிருந்தாச் சண்டை பிடிச்சிருப்பன்."

மறுநாள் அக்காவின் கரியரில் ஏறி விசுவமடுவுக்குப் போய், இனி அந்தச் சைக்கிளில் வரப்போவதில்லை என்று சொன்னாள். வீரகத்தி நம்பாமல் பார்த்தார்.

"சனத்துக்குப் பழகீட்டுது பிள்ளை. நீ பாட்டுக்கு ஓடன்."

"பழகினதுதான் அண்ணை பிரச்சினை."

அவர் மேசையிலிருந்த அவளுடைய ஈயக்கோலைத் துடைத்து, கடதாசியில் சுற்றிக் கையில் கொடுத்தார். வேறு ஆள் பார்ப்பது பற்றி அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது அக்காவின் முதுகு வழக்கம்போல வியர்த்திருந்தது. "வண்டு அக்கா ஏன் கரியரில போறா?" என்று வழியில் ஒரு பிள்ளை கேட்டது.

மோட்டரைக் கழற்றிச் சங்கிலியிடமே கொடுத்துவிட்டாள். ஆனால் ஊரின் காது உடனே திரும்பவில்லை. அடுத்தமுறை வண்டு வந்தபோதும் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுகந்தினி வீட்டில் ரேடியோ திருத்தும் இடத்திலிருந்தே கத்தினாள். அதற்கடுத்த முறையும் கத்தினாள். தொண்டை கட்டிப்போகும்வரை கத்தினாள். "இந்தப் புள்ளைக்கு இப்புடி ஒரு தொண்டையா!" என்று வீரம்மா அதிசயப்பட்டாள்.

மழை தொடங்கும் காலம். ஒரு பின்னேரம் ரீங்காரம் கேட்டு அவள் வாயைத் திறப்பதற்குள், முற்றத்தில் கால்கள் ஓடின. அடுத்த வளவில் வீரம்மா வானத்தைக் கெட்ட வார்த்தையால் ஏசிக்கொண்டு ஓடினாள். தெருவில் சைக்கிள்கள் விழும் சத்தம் கேட்டது. சுகந்தினி ஊன்றுகோலை எடுத்து, ஒருக்களித்து, பங்கர்ப் படியில் ஒவ்வொன்றாக இறங்கினாள். உள்ளே இருட்டு, ஈர மண் மணம். பிள்ளைகள் நெருங்கியிருந்து அவளுக்கு இடம் விட்டார்கள். காலை நீட்ட அங்கே இடமில்லை. அது குறுக்காக அவர்களுடைய மடிகளின் மேல் கிடந்தது.

சுதர்சினி காதுக்குள் கேட்டாள். "சித்தி, இது உண்மையான வண்டுதானே?"

"ஓம்," என்றாள் சுகந்தினி. "இனி வாறதெல்லாம் உண்மையானதுதான்."